ஜனாதிபதி எங்கே படுப்பார்?

மாண்ட்ரியாலில் நான் பார்த்த மனிதர்களிலேயே மிகவும் நியாயமானவர் அவர்தான். அதனாலேயே எங்கள் பன்னிரண்டு வீடுகளில் அவர்மேல் மனத்தாங்கல் இல்லாத வீடு ஒன்றுகூடக் கிடையாது.

பன்னிரண்டு வீடு என்பது அந்த நாளில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மொத்த பலம். எழுபதுகளின் தொடக்கம். நாலைந்து டாக்டர்கள், நாலைந்து என்ஜினீயர்கள், யாழ்ப்பாணத்துக் கணக்காளர் ஒருவர், அப்புறம் பேராசிரியராகிய அவர். கோயில் ஒன்றும் வந்திருக்கவில்லை. பொங்கல், தீபாவளி எல்லாம் ஒரு சர்ச்சின் பேஸ்மென்ட்டில்தான். நான் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்கிற புறநகரில் அக்கா வீட்டில் தங்கி நூலகப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்துமூன்று. பிரெஞ்சு அரைகுறை, கார் லைசென்ஸ் புத்தம்புதுசு. யார் எந்த வேலை சொன்னாலும் முதலில் கை தூக்கிவிட்டுப் பிறகு யோசிக்கிற ஜாதி. அப்படித்தான் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதில் பாதி எனக்குத் தெரிந்திருக்காது.

பேராசிரியருக்கு ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகரத்துக்குள், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது சாப்பிடக் கூப்பிடுவோம். கூப்பிட்டால் வந்துவிட மாட்டார். பன்னிரண்டில் அவரைக் கழித்து மிச்சம் பதினொரு வீட்டையும் அகர வரிசையில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். வரிசைப்படிதான் வருவார். அந்த வாரத்து வீட்டார் நயாகரா போய்விட்டார்கள் என்றால் அன்றைக்கு அவருக்கு ரொட்டியும் ஜாமும். அடுத்த வீட்டுக்கு முன்கூட்டியே போவது நியாயமில்லை. ஒரு வருஷம் முடிந்ததும் வரிசையைத் தலைகீழாக்கினார். அகர வரிசையில் கடைசியில் இருப்பவர்களுக்கு வருஷம் முழுக்க அநியாயம் நடக்கிறதாம்.

பொங்கல் விழாவில் பிள்ளைகள் பாட்டுப் போட்டிக்கு அவரை நடுவராகப் போட்டோம். இதைவிடப் பெரிய தப்பு ஒரு சங்கம் செய்ய முடியாது. ஒன்பது பிள்ளைகள் பாடினார்கள். ஒன்பது பேருக்கும் பத்துக்கு ஏழு. அதில் ஒரு பையன் மேடையேறி, மைக்கைப் பார்த்து, அழுது, இறங்கிப் போனவன். கர்க்லாண்ட் பக்கம் குடியிருந்த என்ஜினீயரின் மனைவி, அவருடைய பெண்தான் நிஜமாகவே நன்றாகப் பாடியவள், நேரே போய்க் கேட்டுவிட்டார்.

"பாடாத பிள்ளைக்கும் ஏழா சார்?"

"அவன் பாடியிருந்தா எப்படிப் பாடியிருப்பான்னு நமக்குத் தெரியாதேம்மா. தெரியாததுக்கு மார்க்கு குறைக்கக் கூடாது."

அந்த அம்மாள் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அழுத பையனின் அம்மாவும் பேசவில்லை. கேலி செய்கிறார் என்று அவருக்கு வருத்தம்.

கடைக்குப் போனால் ஒரு நாள் பிரெஞ்சு, மறுநாள் இங்கிலீஷ். அவர் தெருமுனையில் தெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் பால் பாக்கெட்டைக் கையில் எடுத்தபடியே, "இன்றைக்கு எது, மிஸ்யூ?" என்று கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அக்காவும் அத்தானும் கார் வாங்குவதைப் பற்றிச் சண்டை போட்ட அன்று தெரியாத்தனமாக அவரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் கேட்டார். "ரெண்டு பேர் பேச்சிலயும் நியாயம் இருக்கு" என்றார். அக்கா, "அப்ப இவ்வளவு நேரம் நியாயமில்லாம உக்காந்திருந்தது நீங்க ஒருத்தர்தானா சார்?" என்றாள். அதற்கும் யோசித்துத் தலையாட்டினார்.

அவருடைய ஆராய்ச்சி என்ன என்று கேட்டால் எல்லாருக்கும் சிரிப்பு வரும். அமெரிக்கா குடியரசான புதிதில் முதல் ஜனாதிபதி ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போனாரே, அவர் ராத்திரி எங்கே படுத்தார் என்பதுதான். பத்து வருஷமாக அதையே படித்தார்.

"கட்டில்லதானே சார்?" என்றார் அத்தான் ஒருமுறை.

"எந்தக் கட்டில்ல டாக்டர்? கேள்வியே அதுதானே."

கேட்க ஆரம்பித்தால் சுவாரசியமாகத்தான் இருக்கும். ராஜா என்றால் எந்தப் பிரபு வீட்டிலும் போய் இறங்கலாம். ஜனாதிபதி அப்படி இறங்க முடியுமா? ஓர் ஊரில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் தங்கினால் அடுத்த பெரிய மனிதருக்கு முகம் சுருங்கும். நேற்றுத்தான் பிறந்த நாடு, அதற்குள் இந்தச் சண்டை வேறா? ஆகவே அவர் யார் வீட்டிலும் தங்குவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார். காசு கொடுத்து வழிப்போக்கர் விடுதியில்தான் படுக்கை. பல விடுதிகளில் சாப்பாடு மோசம், படுக்கை அதைவிட மோசம். ஒரு மாநில கவர்னர், என் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று அடம் பிடித்துப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் கீல்வாதக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஆட்கள் தூக்கிவர, ஜனாதிபதி தங்கிய இடத்துக்கே போய்ப் பார்க்கவேண்டியதாயிற்று.

பேராசிரியருக்குப் பிடித்த கதை இன்னொன்று. தெற்கே போனபோது வழியில் ஒரு வீட்டை விடுதி என்று தப்பாக நினைத்து ஜனாதிபதி உள்ளே நுழைந்துவிட்டார். நல்ல சாப்பாடு, நல்ல உபசாரம். பிறகுதான் அது ஒரு குடும்பம் இருக்கிற வீடு என்று தெரிந்தது. இதைச் சொல்லும்போது பேராசிரியரின் குரல் கொஞ்சம் இறங்கும். "பயணத்திலேயே அவர் நல்லா இருந்த இடங்கள்ல அது ஒண்ணு. அதுவும் தப்பா நுழைஞ்சது" என்பார்.

இப்போது அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு டிசம்பரில் மெட்ரோ வாசலில் ஐஸில் வழுக்கி அவர் காலை உடைத்துக்கொண்டார். அத்தான் எலும்பு டாக்டர். கட்டுப் போட்டவர் கையோடு வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். ஃபிளாட்டில் தனியாக எப்படி இருப்பார் என்று அக்காதான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆறு வாரம், சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் இருந்தார். வந்த மூன்றாம் நாளே என்னைக் கூப்பிட்டு, மற்றப் பத்து வீட்டிலிருந்தும் முறை வைத்துச் சாப்பாடு அனுப்பச் சொல்ல முடியுமா, ஒரே வீட்டுக்குப் பாரமாக இருக்கிறதே என்றார். அக்கா காதில் விழுந்துவிட்டது.

"என் வீட்டுல படுத்துக்கிட்டு அடுத்த வீட்டுச் சோறு சாப்பிடுவீங்களா சார்? கட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே இன்னொரு காலையும் உடைக்கவேண்டி வரும்."

அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த ஆறு வாரமும் அக்கா வெங்காயம் நறுக்கும்போது அவர் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். அக்காவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. வேறென்ன சொல்ல.

கால் சரியானது. போனார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடவே வரவில்லை. ஆறு வாரத்துச் சாப்பாட்டை மற்ற வீடுகளோடு சமன் செய்கிறாராம். நோட்டில் எங்கள் வீட்டுக்கு நேரே நீளமாக ஒரு கோடு. ஆனால் பனி கொட்டிய சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வந்து எங்கள் கார்ப் பாதையில் பனி தள்ளிவிட்டுப் போவார். உள்ளே கூப்பிட்டால் வர மாட்டார். காபியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். அத்தான் ஜன்னலைத் திறந்து, "நான் கட்டின காலு சார் அது" என்று கத்துவார்.

அக்கா ஜன்னல் வழியே அவரைப் பார்த்தபடி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "ஆறு வாரம் இருந்தாரே, அவருக்கு இந்த வீடும் மத்த வீடும் ஒண்ணுதானா? ஒரே ஒரு தடவை, ஏதாவது ஒரு விஷயத்துல, இந்த வீடுன்னு அவர் வாயால சொல்லட்டும். எனக்கு அது போதும்."

அடுத்த பனிக்காலத்தில் அந்த விஷயம் தபாலில் வந்தது.

ஒரு சின்னத் தீவு நாடு. பெயர் வேண்டாம். அதன் ஜனாதிபதியின் தாத்தா நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். ஒட்டாவாவில் அரசு விருந்தெல்லாம் முடிந்ததும் மாண்ட்ரியாலில் இரண்டு இரவு, சொந்தப் பயணமாக, தமிழர்கள் நடுவே தங்க ஆசைப்படுகிறார் என்று அவர் செயலாளர் சங்கத்துக்கு எழுதியிருந்தார். கடிதத்தைப் பிரித்தவள் நான். அன்று மாலைக்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

மூன்று வீடுகள் போட்டியில் நின்றன. கர்க்லாண்ட் என்ஜினீயர் புது வீடு கட்டியிருந்தார். சுவர் முதல் சுவர் வரை கம்பளம், கடிதம் வந்த நாளிலிருந்து அவர் பிள்ளைகளே அதை மிதிக்கக் கூடாது. புரோசார்ட் கணக்காளருக்கு இரண்டு குளியலறை. மூன்றாவது எங்கள் அக்கா. ஏற்பாட்டை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது சங்கத் தலைவர், இதற்காகவே பத்து வருஷம் படித்த ஒரு மனிதர் நம்மிடையே இருப்பது கடவுளின் கருணை என்றார். எல்லாரும் கை தட்டினோம். அக்கா கொஞ்சம் அதிகமாகவே தட்டினாள்.

அவர் மூன்று வீட்டுக்கும் நோட்டோடு வந்து பார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் சரியாக நாற்பது நிமிஷம். குழாயைத் திறந்து வெந்நீர் வர எத்தனை நேரம் என்று பார்த்தார். கட்டிலில் ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்துக் கூரையைப் பார்த்தார். எங்கள் வீட்டுச் சின்ன அறைக் கட்டிலில், தான் ஆறு வாரம் கிடந்த அதே கட்டிலில், அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி படுத்து எழுந்து குறித்துக்கொண்டார். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படுக்கை எப்படி சார் இருக்கு?"

"குறிச்சிருக்கேம்மா" என்றார்.

அடுத்த ஞாயிறு பேஸ்மென்ட்டில் முடிவைச் சொன்னார். மூன்று வீடும் மிக நன்றாக இருக்கின்றன. ஆகவே எந்த வீடும் இல்லை. லாஃபோன்தேன் பூங்காவுக்கு எதிரே ஒரு கியூபெக் விதவை அம்மாள் நடத்தும் தங்கும் விடுதியில் அறை பேசியிருக்கிறார். சுத்தமான இடம். சாப்பாடு எல்லா வீட்டிலிருந்தும் சம அளவில் வரலாம்.

முதலில் எழுந்தவர் புரோசார்ட்காரர்.

"ஓம் சேர், நான் விட்டுக் குடுக்கிறன். கர்க்லாண்ட் அண்ணையும் விட்டுக் குடுப்பார். டொக்டர் வீட்டிலயே தங்கட்டும். காலுடைஞ்சு கிடக்கேக்க உங்களைப் பாத்த வீடு. ஒருத்தரும் குறை சொல்ல மாட்டம்."

"அதனாலதான் அங்க கூடாது" என்றார் பேராசிரியர்.

அக்கா எழுந்து பின்னால் போய்த் தம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். அவை ஏற்கெனவே கழுவியவை.

ஜனாதிபதி வந்த அன்று மத்தியானம் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. அத்தானின் பெரிய காரை நான் ஓட்ட, பேராசிரியர் பக்கத்தில் நோட்டோடு உட்கார, டோர்வால் விமான நிலையத்துக்குப் போனோம். ஒட்டாவா விமானம்தான் கடைசியாக இறங்கியது. ஜனாதிபதி ஒல்லியான மனிதர், மெல்லிசான கோட்டு. கூட ஒரு செயலாளர், சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள். வெளியே வந்தால் நகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். பூங்காவுக்கு எதிரே அந்த அம்மாள் கம்பளி விரித்துக் காத்திருப்பார். போக வழியில்லை.

எங்கள் வீட்டுப் பக்கத்துச் சாலை மட்டும் திறந்திருந்தது. பனி தள்ளும் வண்டி அப்போதுதான் அந்த வழியே போனது. பத்து நிமிஷம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் டெலிபோன் பூத்தில் காசு போட்டு அக்காவைக் கூப்பிட்டேன். "அவர்கிட்ட குடு" என்றாள். பேராசிரியரை உள்ளே கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தேன். நானும் பூத்துக்குள்ளேயே நெருக்கிக்கொண்டு நின்றதால் இரண்டு பக்கமும் காதில் விழுந்தது.

"சார், சாம்பார் கூட்டு எல்லாம் சூடா இருக்கு. நீங்க வேணும்னு பண்ணலை, பனி பண்ணுது. யாரு கேக்கப்போறா?"

"அப்படியில்லேம்மா."

"அந்த முதல் ஜனாதிபதி தப்பா ஒரு வீட்டுல நுழைஞ்சாரே. அதே மாதிரி நுழைஞ்சதா வச்சுக்குங்களேன் சார். விடுதின்னு நினைச்சு வந்துட்டோம்னு சொல்லுங்க. நானும் பில்லு வேணா போட்டுத் தரேன்."

அவர் சிரிக்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மூச்சுப் பட்டு வெளியே எதுவும் தெரியவில்லை.

"அவருக்கு அது வீடுன்னு தெரியாதும்மா. எனக்குத் தெரியுமே."

அக்கா மறுமுனையில் போனை வைத்துவிட்டாள்.

விமான நிலையத்துக்கு எதிரே, லாரிக்காரர்கள் தங்குகிற ஒரு மோட்டல் இருந்தது. தமிழர் நடுவே தங்க ஆசைப்பட்ட ஜனாதிபதியை அங்கேதான் கொண்டுபோய் விட்டோம். நடத்துகிற கணவனும் மனைவியும், "போன்ஜூர், எத்தனை பேர்?" என்று கேட்டு, டப்பாவைத் திறந்து தக்காளி சூப் சுடவைத்துக் கொடுத்தார்கள். போலீஸ்காரர்கள் டிவியில் ஹாக்கி பார்க்க உட்கார்ந்தார்கள். ஜனாதிபதியும் அவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தமிழில் "வணக்கம்" தவிர வேறெதுவும் தெரியாது என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் சர்ச் பேஸ்மென்ட்டில் பதினொரு வீட்டுச் சாப்பாடும் சம அளவில் பரப்பினோம். அக்காவும் ஒரு பாத்திரம் அனுப்பினாள். வரவில்லை, தலைவலி. ஜனாதிபதிக்கு ஊரிலிருந்து ஏதோ அவசரச் செய்தி, இரண்டாம் இரவு தங்காமலே போய்விட்டார். ஒரு மாதம் கழித்து நன்றிக் கடிதம் வந்தது. மோட்டல் தம்பதியின் அன்பையும் அவர்கள் கொடுத்த சூப்பையும் மறக்க முடியாது என்று எழுதியிருந்தார். அதைச் சங்கத்தில் உரக்கப் படிக்கவேண்டிய வேலையும் செயலாளருடையதுதான்.

அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. நோட்டில் அந்தக் கோட்டுக் கணக்கு முடிந்து எங்கள் முறை வந்து பேராசிரியர் அடுத்த தடவை சாப்பிட வந்தபோது, நல்ல தட்டுகளை எடுத்து, கூடத்து மேஜையில் துணி விரித்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கறீங்களா?" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். கர்க்லாண்டிலும் புரோசார்டிலும் அவருக்கு அப்படித்தான் நடந்தது. இங்கேதான் நடந்ததில்லை. அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே கதவு சாத்தியிருந்தது. "சாப்பாடு நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார். பனிக்காலம் முடியும்வரை பனி தள்ளவும் வந்துகொண்டுதான் இருந்தார். அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள்.

ஒரு வருஷம் இப்படியே போனது. மேற்கே ஒரு மாகாணத்தில் பெரிய பதவி கிடைத்து அவர் மாண்ட்ரியாலை விட்டுக் கிளம்பினார். அந்தக் காலத்தில் இந்த ஊரில் வாடகை ஒப்பந்தமெல்லாம் ஏப்ரலோடு முடியும். மே முதல் தேதி ஊரே கட்டிலும் பீரோவுமாகத் தெருவில் நிற்கும். அவர் ஃபிளாட்டும் அப்படிக் காலியாகவேண்டியிருந்தது. ரயில் மறுநாள். நடுவில் ஓர் இரவு. பதினொரு வீட்டில் பத்து வீடு, எங்கள் வீட்டில் வந்து தங்குங்கள் என்று கூப்பிட்டன. கூப்பிடாத வீடு எங்களுடையது. எங்கே தங்குவார் என்று யாரும் பந்தயம்கூடக் கட்டவில்லை. அதுதான் எல்லாருக்கும் தெரியுமே.

காலை பத்து மணிக்குப் போன் வந்தது. அக்கா எடுத்தாள். நான் எதிரே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா முகம் மாறியதைப் பார்த்து எழுந்து போய் ரிசீவரில் காதை வைத்தேன்.

"இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுல தங்கிக்கலாமாம்மா?"

"ஏன் சார், மோட்டல்ல இடமில்லையா?" என்றாள் அக்கா.

"இருக்கு. கேட்டுப் பாத்துட்டேன். ரெண்டு மோட்டல்லயும் இடம் இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாயங்காலம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே வாங்க. இவளைக் காரோட அனுப்பறேன்" என்றாள்.

இரண்டு பெட்டியோடு மத்தியானமே வந்துவிட்டார். சின்ன அறையில் பெட்டிகளை வைத்துவிட்டுச் சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சுவரில் இருந்த போனை எடுத்தாள்.

"சங்கத்தலைவர் வீடுங்களா? ஒண்ணுமில்லே, சும்மாதான் பண்ணினேன். ப்ரொஃபஸர் சார் எங்க வீட்டுலதான் தங்கறார். ஆமா, இன்னிக்கு. அவரே கேட்டார்."

வைத்தாள். அடுத்த நம்பரைச் சுழற்றினாள். புரோசார்ட். "அவரே கேட்டார், நான் கூப்பிடலை." அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் குரல் இன்னும் கொஞ்சம் உரக்க. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதரின் இத்தனை வருஷத்து நியாயத்தை அவர் கண் முன்னாலேயே வீடு வீடாகச் சொல்லி உடைக்கிறாளே என்று, "போதும் அக்கா" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

ஐந்தாவது நம்பர் கர்க்லாண்ட். மணி போகிறது, யாரோ பிரெஞ்சுக்காரர் எடுத்து, தவறான எண் என்கிறார். அக்கா மறுபடி சுழற்றினாள். மறுபடி அதே குரல்.

பேராசிரியர் படியிலிருந்து எழுந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நோட்டை அக்காவுக்குத் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்தார்.

"கர்க்லாண்ட்காரங்க நம்பர் போன மாசம் மாறிடுச்சும்மா. புதுசு இந்தா, இது."